டெஸ்ட் செய்யாமல் வேலை இல்லை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், கேரளாப் பக்கத்துப் பார்டர் ஊரான அமரவிளையில் மெயின் ரோட்டோரம் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நடந்தது இது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. உனக்கும் பத்தாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அன்று காலையில் யாராவது என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் தொழில் அப்படி. லேப்டாப்பில் சாயாவைக் கொட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். திறந்தால் ஏலக்காய் மணக்கும். "சும்மா மேசையில இருந்துது, தானா ஆஃப் ஆச்சு" என்பார்கள். இதைத் தினம் மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் என் கோபத்தைப் பற்றிப் பேசலாம்.

அதற்கும் மேலே ஒரு சம்பவம். பனச்சமூடு பக்கத்திலிருந்து ஒருவர் ஹார்ட் டிஸ்க் சரியில்லை என்று கொண்டுவந்தார். பார்த்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, நல்ல டிஸ்க்கை நான் எடுத்துக்கொண்டு கெட்ட டிஸ்க்கை மாற்றி வைத்துவிட்டேன் என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். எதிரே சாயாக்கடையில் நின்றவர்கள் எல்லாம் கிளாஸும் கையுமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். என் சட்டைக் காலரில் கை வைத்துவிட்டார். அந்த அவமானம் எனக்குப் பல நாள் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் போர்டை மாட்டினேன். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கும்: டெஸ்ட் செய்யாமல் வேலை இல்லை. டிஸ்க் எது வந்தாலும் அந்த ஆளை உட்காரவைத்து, அவர் கண் முன்னால் வேகம் பார்க்கிற சாஃப்ட்வேரை ஓட்டுவேன். அது டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே திரையில் ஒரு கோடு போடும். நல்ல டிஸ்க் என்றால் கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி மெதுவாகச் சரிந்து வலப்பக்கம் போய் முடியும். கெட்ட டிஸ்க் என்றால் நடுவில் குழி விழும். முடிந்ததும் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து, அடியில் அவர் கையெழுத்தை வாங்கி ஃபைலில் போட்டுவிடுவேன். ஜனங்களுக்கும் அது பிடித்துப்போனது. ஈ.சி.ஜி. பேப்பரைப் பார்ப்பது மாதிரி மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கும் ஒரு நிம்மதி, கொஞ்சம் கர்வமும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். அதியன்னூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் வேலை. காலைப் பாலை முடித்துவிட்டு நேரே பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு சின்னத் துவர்த்துத் துண்டில் சுற்றி, கையடக்கமான ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தார்.

அவர் சொல்லத் தொடங்கியதை நான் முழுதாகக் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய அக்காவின் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. பிள்ளை தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் பக்கத்துக் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. நாங்கள் தமிழில் படித்தாலும் பாடம் கேரளாப் பாடம். பார்டருக்கு அந்தப் பக்கம் தமிழில் ஒலிப்பதிவு கிடைக்கும், ஆனால் அது வேறு பாடம். இந்தப் பக்கம் கிடைத்ததெல்லாம் மலையாளத்தில் இருந்தது. அதனால் சித்தியே தினமும் மத்தியானம், அக்கம்பக்கம் சத்தம் அடங்கிய நேரத்தில், ஒவ்வொரு பாடமாக வாய்விட்டு வாசித்து ஃபோனில் பதிவு செய்திருக்கிறார். பத்து மாதம். ஃபோனில் இடம் இல்லாததால் வாரம் ஒருமுறை அதை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு ஃபோனைக் காலி செய்துவிடுவார். பிள்ளை ஒரு பழைய லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டிக் கேட்பாள். வேறு நகல் கிடையாது. சமூக அறிவியலும் உயிரியலும் முழுக்க அந்தத் துவர்த்துக்குள் இருந்தன.

என் காதில் விழுந்தது, டிஸ்க் நடுவில் நின்றுபோகிறது என்பதும், டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது என்பதும்தான். அந்தச் சத்தம் ரெக்கார்டிங்கிலேயே கேட்கிறது என்றும் சொன்னார். "இதில எனக்க அக்கா மகளுக்க பாடமாக்கும்..." என்று தொடங்கினார். இதில் என்ன இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், முதலில் டெஸ்ட் என்று போர்டைக் காட்டினேன்.

டிஸ்க்கை மாட்டினேன். அதன் ஆரோக்கியத்தைக் காட்டும் இடத்தில் நீலம் வரவேண்டும். மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றால் கவனம் என்று அர்த்தம். இந்த வேலையில் இத்தனை வருடம் இருக்கிற ஒருவன் மஞ்சளைப் பார்த்ததும் முதலில் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

"காப்பி எடுத்துட்டு பின்ன டெஸ்ட் போடப்பிடாதா அண்ணே?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. கேபிள் கோளாறாக இருக்கலாம், போர்ட் கோளாறாக இருக்கலாம், எது என்று தெரியாமல் கை வைத்தால் நாளைக்கு என் தலையில் விடியும், நீங்கள் சொல்லியா நான் தொழில் படிக்கவேண்டும் என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முழு டெஸ்ட் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடு தொடங்கும்போதே தத்தித் தத்தித்தான் போனது. நாற்பது சதவீதம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். இருக்கிறது, ஆனால் பேட்டரி மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். திரை இருண்டது. மின்சாரத்தைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன், விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாத அந்த சாஃப்ட்வேரை எழுதியவனையும் அவன் பரம்பரையையும் திட்டினேன். கரண்ட் ஒன்றேகால் மணிக்கு வந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் மூளை கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். செய்யவில்லை. முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினேன். பிரிண்ட் இல்லாமல் கையெழுத்து வாங்க முடியாதே.

இரண்டாம் தடவை ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து மேசைப் பக்கம் வந்தார். மூன்று மணிக்கு மத்தியானப் பால் எடுக்கப் போகவேண்டும், அதற்கு அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். டிஸ்க்கின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் மாறிட்டு அண்ணே. நிப்பாட்டுங்க."

ஃபேன் சத்தம் என்றேன். பத்து மாதம் பதிவு செய்து செய்து, காக்கை எது, குக்கர் எது, தூரத்து பஸ் எது என்று பிரித்துக் கேட்கப் பழகிய காது அது. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எனக்குக் கவலை இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கோடு நேரே கீழே விழுந்து தரையைத் தொட்டது. டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. கழற்றி மாட்டினேன். கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், வேறு கம்ப்யூட்டரில் போட்டேன். டக், டக், டக் என்று அடித்துக்கொண்டதே தவிர ஒன்றும் வரவில்லை.

அடுத்து நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. பழக்கதோஷத்தில் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் தள்ளினேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். துவர்த்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"பிள்ளைக்கிட்ட நான் என்னெண்ணு சொல்லுவேன் அண்ணே?"

அப்போதுதான் அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அப்போதுதான்! அவர் முதலிலிருந்து சொன்னார். ஃபோனில் மாற்றாமல் மிச்சம் இருந்த ஒரே ஒரு பாடத்தைப் போட்டுக் காட்டினார். முந்தின பதிவை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது அது. அவர் குரலுக்குப் பின்னால் டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. நான் ஃபேன் என்று சொன்ன அதே சத்தம்.

டிஸ்க்கையும் வீட்டு அட்ரஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் கடையை அடைத்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து ஃபைலை மீட்டுத் தருகிற ஓர் இடத்துக்குத் திருவனந்தபுரம் போனேன். அங்கே இருந்தவர் அதைத் திறந்து, உள்ளே தட்டில் வட்டமாக விழுந்திருந்த கீறலைக் காட்டினார். சத்தம் வந்த உடனே நிறுத்தியிருந்தால் முக்கால்வாசி எடுத்திருக்கலாம், இதை இவ்வளவு நேரம் ஓட்டியது யார் என்று கேட்டார். நான் வேறு ஒரு கடைக்காரர் என்று சொல்லிவிட்டேன். "அயாளோடு கட பூட்டான் பற" என்றார். அந்த ஆளிடம் கடையைப் பூட்டச் சொல்லு என்று அர்த்தம். சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன்.

அங்கிருந்து நேரே அதியன்னூருக்குப் போனேன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும். பிள்ளை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள், ஆறுதல் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவள் அழவில்லை. நல்ல கோபத்தில் இருந்தாள். அந்தக் கோபத்தை எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடைய கோபம் மாதிரியே இருந்தது.

"டெஸ்ட்ல நல்ல டிஸ்க்குண்ணு வந்திருந்தா என்ன செய்திருப்பிய?" என்று கேட்டாள்.

காப்பி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றேன்.

"கெட்டதுண்ணு வந்திருந்தா?"

அப்போதும் காப்பிதான் எடுக்கப் பார்த்திருப்பேன்.

"பின்ன எதுக்கு டெஸ்ட்?"

இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை. யாரோ ஒருவர் என் காலரைப் பிடித்ததற்கு, ஒரு பாவமும் அறியாத இந்தப் பிள்ளையின் பாடத்தை அல்லவா கொண்டுபோய்த் தொலைத்திருக்கிறேன். சித்தி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் வாசிக்கிறேன், இரண்டு பேராக வாசித்தால் பரீட்சைக்குள் முடித்துவிடலாம் என்று சொன்னேன். "நீங்க வாசிப்பியளா?" என்று பிள்ளை இழுத்தாள். அந்த இழுப்பில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தெரியவில்லை.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அதே பாடத்திட்டத்தில் சமூக அறிவியலில் தட்டுத் தடுமாறிப் பாஸானவன் நான். வரலாற்றைச் சித்தி எடுத்துக்கொண்டார். புவியியலும் உயிரியலும் என் பங்கு. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாக்கியமே முக்கால் பக்கம் போனது. நடுவில் மூச்சு முட்டி நின்றால், எங்கே விட்டேன் என்று தெரியாது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் போகும், லாட்டரி விற்கிறவர் மைக்கில் கூவிக்கொண்டு போவார், பாதி ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்து மவுஸ் இருக்கிறதா என்று கேட்கும். அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவேன். ஒரு பாடத்துக்கு நாலு மணி நேரம். பத்து மாதம் அந்தப் பெண் எப்படித்தான் பொறுமையாகச் செய்தாரோ என்று ஒவ்வொரு பக்கத்திலும் நினைத்துக்கொண்டேன். வீட்டில் வாசிக்கலாம் என்று கொண்டுபோனால், மனைவி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாடம் வாசிக்கியளா, ஆரையாவது மிரட்டுகியளா?" என்றாள்.

பிள்ளைக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. முதல் பாடம் போய்ச் சேர்ந்த மறுநாள் சித்தியின் ஃபோனிலிருந்து அவள் குரலில் ஒரு செய்தி வந்தது. "அண்ணன் எதுக்கு பூமத்திய ரேகைய ஏசுதாரு? மெதுவா சொல்லச் சொல்லுங்க சித்தி." சித்தியிடம் சொன்னதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு பாடத்தைத் திரும்ப வாசித்தேன். பரீட்சை நெருங்க நெருங்கத் திரும்ப வாசிக்க நேரம் இல்லாமல் போனது. காற்றழுத்த மண்டலங்களைப் பற்றிய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, சரக்கு லாரி ஒன்று கடையை மறைத்து நின்று ஹாரனில் கை வைத்தது. "வண்டி மாற்றெடோ" என்று மலையாளத்தில் ஒன்றும், அவன் அசையாததால், "எலே, இது உனக்க வீட்டு முற்றமாலே?" என்று தமிழில் ஒன்றும் கத்திவிட்டு, அப்படியே அடுத்த மண்டலத்துக்குப் போய்விட்டேன். அதை வெட்டி எடுக்கக்கூட அன்று தெம்பு இல்லை. பதிவு முடிந்ததும் மூன்று இடத்தில் நகல் எடுத்தேன். சித்தியின் ஃபோனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, என் கடையில் ஒன்று. உயிரியலின் கடைசிப் பாடம், அந்தப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்புதான் போய்ச் சேர்ந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அன்று முழுக்க ஃபோனைப் பார்த்தபடியே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிடப் பயமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் சித்தியும் பிள்ளையும் கடைக்கு வந்தார்கள். சித்தியின் கையில் ஒரு லட்டுப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பிள்ளை, சித்தி உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, புவியியலில் காற்றழுத்த மண்டலங்களை வரிசையாக எழுதச் சொல்லிக் கேள்வி வந்ததைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு மாணவியைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மண்டலம் சொன்னதும் மூன்றாவது வரவில்லையாம்.

"லாரிக்காரனை ஏசினது ஞாபகம் வந்துது. அதுக்கு முன்ன எது, பின்ன எதுண்ணு வரிசையா வந்துட்டு. எனக்கு சிரிப்பு. எழுதுன பிள்ளை பயந்துபோச்சு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சியதில் கண்டுபிடித்துவிட்டாள், என்ன அண்ணா சளியா என்று கேட்டாள்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்கு வரப்போகும் ஒரு பையனுக்கும் கண் தெரியாதாம். அவனுக்கு இந்தப் பதிவுகளைக் கேட்டிருக்கிறார்கள். அந்த லாரி வருகிற பாடத்தை மட்டும் நான் நல்லபடியாகத் திரும்ப வாசித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பிள்ளை ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "அப்படியே கிடக்கட்டு. அவனுக்கும் மறக்காது." அதனால் என் கோபம் இப்போது அதியன்னூரைத் தாண்டியும் பாடமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அவர்கள் போன பிறகு போர்டைக் கழற்றினேன். அந்தக் கையெழுத்துப் பேப்பர் மட்டும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, கோடு தரையில் விழுந்த இடம் எனக்கு நேராகத் தெரிகிற மாதிரி. டெஸ்டை நான் விட்டுவிடவில்லை. நகல் எடுத்த பிறகு ஓட்டுகிறேன். அதிலும் தொல்லைதான். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து, முன்பெல்லாம் படம் போட்டுக் காட்டுவீர்களே, இப்போது தொழிலில் அக்கறை குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று வரத்தான் செய்கிறது. யாராவது ஒரு டிஸ்க்கை மேசையில் வைத்தால் இன்றைக்கும் என் கை தானாக அந்த சாஃப்ட்வேரைத் திறக்கத்தான் போகிறது. அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள என்ன உண்டு?" என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.